கடாரம் எங்கே இருந்தது? வரலாறு மீண்டும் மீண்டும் எழுதப்படுவது ஏன்?

"நடந்தது நடந்ததுதானே, அதை எப்படி மாற்றி எழுத முடியும்?" என்பது வரலாற்றில் புதிய முடிபு ஒன்றைக் கேள்விப்படும்போது பலருக்கும் எழுகிற கேள்வி. பள்ளியில் ஒரு விதமாகப் படித்ததைப் பிற்காலத்தில் வேறு விதமாகப் படிக்க நேர்ந்தால், யாரோ வேண்டுமென்றே திரித்துவிட்டார்கள் என்ற ஐயம் வருவதும் இயல்பே. இதற்குப் பொதுப்படையாக விடை சொல்வதைவிட, ஒரே ஒரு கல்வெட்டுப் பகுதியை எடுத்துக்கொண்டு, கடந்த 130 ஆண்டுகளாக அதை அறிஞர்கள் எப்படியெல்லாம் படித்து வந்தார்கள் என்று பின்தொடர்ந்து பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் அடிகளே அந்தப் பகுதி.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'வரலாறு' என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு பொருளில் வழங்குகிறோம். நடந்து முடிந்த நிகழ்வுகளையும் வரலாறு என்கிறோம். அவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூலையும் வரலாறு என்கிறோம். முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. அதே சமயம், அதை யாராலும் நேரில் காணவும் முடியாது. கல்லிலும் செப்பேட்டிலும் மண்ணுக்கடியிலும் எஞ்சிய தடயங்களை வைத்துக்கொண்டு, அவை எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகா என்று ஆராய்ந்து எழுதப்படுவது இரண்டாவது. மாறிக்கொண்டே வருவது இந்த இரண்டாவதுதான். அது மாறிவந்த கதையை ஆராயும் துறைக்கு வரலாற்றெழுத்தியல் என்று பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. சர்வசிவ பண்டிதர் என்ற சைவ ஆசாரியருக்கும் அவருடைய மாணாக்கர் வழியினருக்கும் ஆண்டுதோறும் நெல் அளக்க வேண்டும் என்பதே அது பதிவு செய்ய வந்த செய்தி. அந்தச் செய்திக்கு முன்னால், 'திருமன்னி வளர' என்று தொடங்கி, மன்னனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் நெடிய பாட்டு ஒன்று வருகிறது. இதை மெய்க்கீர்த்தி என்பார்கள். இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் முகப்பில் மெய்க்கீர்த்தி இடம்பெறுவது வழக்கமாயிற்று. மன்னன் புதிய வெற்றி பெறும்போது அதில் புதிய அடிகள் சேரும். ஆகவே, எந்த ஆட்சியாண்டுக் கல்வெட்டில் எந்த வெற்றி முதன்முதலில் தலைகாட்டுகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்தப் போர் ஏறத்தாழ எப்போது நடந்தது என்று கணித்துவிடலாம். கடார வெற்றி 14ஆம் ஆட்சியாண்டிலிருந்து காணப்படுகிறது; இராசேந்திரன் பொறுப்பேற்றது 1012 என்பதால், படையெடுப்பு 1025ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். இன்று பாடநூல்களில் உறுதியாக அச்சாகும் இந்த ஆண்டு, பல கல்வெட்டுகளை அருகருகே வைத்துக் கணக்கிட்டுப் பெறப்பட்டது.

"அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்திச் சங்கிராம விசையோத்துங்க வர்மன் ஆகிய கடாரத் தரசனை" என்று அந்தப் பகுதி தொடங்குகிறது. அவனுடைய யானையும் குவித்து வைத்திருந்த செல்வமும் நகர வாயிலின் விச்சாதிரத் தோரணமும் மணி பதித்த கதவமும் கைப்பற்றப்பட்டதைச் சொல்லிவிட்டு, நிறைசீர் விசயம், துறைநீர்ப் பண்ணை, தொன்மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூர், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று 13 பெயர்களை அடுக்குகிறது. இவ்வளவுதான் சான்று. திருவாலங்காட்டுச் செப்பேடு இதே வெற்றியை மிகச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. தோற்றவர் தரப்பிலிருந்து நமக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

இந்த 13 பெயர்களும் எங்கே இருந்தன என்பதே முதல் சிக்கல். 1886இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ட்ஸ் இந்த அடிகளைப் பதிப்பித்தபோது, கடாரத்தை அன்றைய மதுரை மாவட்டத்து ஊர் ஒன்றாகக் கருதினார். இன்று இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், தெரிந்த நிலப்பரப்பில் அதே ஒலியுடைய ஊர் இருக்கும்போது கடலுக்கு அப்பால் தேட அவருக்குக் காரணம் இருக்கவில்லை. கலம் செலுத்திச் சென்ற போர் என்பதன் முழுப்பொருளும் உணரப்பட்ட பிறகு பார்வை பர்மாவின் பக்கம் திரும்பியது. அதற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது: இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் பர்மாவில் பப்பாளம் என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது, அதையே மாப்பப்பாளம் என்று கொண்டார்கள். ஒரு பெயர் பர்மாவில் நிலைபெற்றதும் மற்றவையும் அங்கேயே தேடப்பட்டன. பர்மாவின் பெகு நகரில் நின்ற கருங்கல் தூண்கள் இராசேந்திரன் நாட்டிய வெற்றித் தூண்கள் என்றுகூடச் சொல்லப்பட்டது. சரியாகத் தெரிந்த ஒன்று, தெரியாத பலவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது வரலாற்றாய்வில் அடிக்கடி நிகழ்கிற பிழை.

1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதெஸ் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தப் படத்தை முற்றிலும் மாற்றியது. அவர் புதிதாக எதையும் தோண்டி எடுக்கவில்லை. தனித்தனியாகக் கிடந்த சான்றுகளை ஒன்றாக வைத்துப் படித்தார். சுமத்ராவை அடுத்த பங்கா தீவில் கிடைத்த பழைய மலாய்க் கல்வெட்டில் 'ஸ்ரீவிஜய' என்ற சொல் இருந்தது. டச்சு அறிஞர் கெர்ன் 1913இல் அதை ஓர் அரசனின் பெயர் என்று கொண்டிருந்தார். சீனப் பயணக் குறிப்புகளில் ஷி-லி-ஃபோ-ஷி என்ற நாடு வந்தது. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதைச் சொல்லும் சோழர் செப்பேடு, லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது, அந்த விகாரத்தைக் கட்டிய அரசனை ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் உரியவனாகக் காட்டியது. இவற்றோடு நம் மெய்க்கீர்த்தியின் 'நிறைசீர் விசய'மும் சேர்ந்தது. 'சீர்' என்பதைச் செய்யுளுக்காக வந்த அடைமொழியாகக் கொண்டால் 'விசயம்' என்று ஓர் ஊர் கிடைக்கும். அதை 'ஸ்ரீ' என்று கொண்டால் ஸ்ரீவிசயம் என்ற பேரரசே கண்முன் வந்து நிற்கும். ஸ்ரீவிஜயம் ஆள் பெயர் அன்று, சுமத்ராவின் பலெம்பாங்கை மையமாகக் கொண்ட அரசு என்பது செதெஸின் முடிபு. அதன்பின் இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனையிலும், மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகளிலும், இலங்காசோகமும் மாதமாலிங்கமும் மலாய்த் தீபகற்பத்திலும், கடாரம் இன்றைய மலேசியாவின் கெடாவிலும் பொருந்தி அமர்ந்தன. 1920இல் பலெம்பாங் அருகே ஸ்ரீவிஜயத்தின் பெயர் பொறித்த 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கிடைத்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் எழுதிய முடிபுக்கு மண்ணிலிருந்தே சான்று வந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 1970களில் பலெம்பாங்கில் அகழாய்வு செய்த அமெரிக்கத் தொல்லியலாளர்களுக்கு அவ்வளவு பழைய நகரம் இருந்ததற்கான பொருள்கள் கிடைக்கவில்லை. செதெஸ் சொன்னது தவறோ என்ற ஐயம் வலுவாக எழுந்தது. பிறகு பியேர்-இவ் மாங்கேன் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளரும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து வேறு இடங்களில் தேடியபோது, ஸ்ரீவிஜயக் காலத்துச் சீன மட்கலங்களும் குடியிருப்புத் தடயங்களும் ஏராளமாகக் கிடைத்தன. மறுவாசிப்பு எப்போதும் பழையதைக் கவிழ்த்துவிடும் என்று எண்ணுபவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும்: இங்கே அது பழைய முடிபை ஐயத்துக்கு உள்ளாக்கி, சோதித்து, முன்னிலும் உறுதியாகத் திரும்பக் கொடுத்தது.

இதுவரை பார்த்தது 'எங்கே' என்ற கேள்வி. புதிய சான்று வந்தால் இதற்குப் பெரும்பாலும் தீர்வு கிடைத்துவிடும். 'ஏன்' என்று கேட்கத் தொடங்கும்போதுதான் வரலாற்றாசிரியர் வாழும் காலமும் உள்ளே வருகிறது.

1920களிலும் 30களிலும் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இந்தியர்கள் கடல் கடக்காதவர்கள், படையெடுத்து வந்தவர்களுக்கெல்லாம் அடிபணிந்தவர்கள் என்ற ஏளனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை அன்றைய அறிஞர்களுக்கு இருந்தது. 1926இல் கல்கத்தாவில் அகண்ட இந்தியக் கழகம் என்ற பொருள்படும் அமைப்பு தோன்றியது. ஆர்.சி.மஜும்தார் போன்ற வரலாற்றாசிரியர்கள் தென்கிழக்கு ஆசியாவின் பழைய அரசுகளை இந்தியக் குடியேற்ற நாடுகள் என்றே எழுதினார்கள். அந்தச் சூழலில் கடார வெற்றி கடல் கடந்த பேரரசின் அடையாளமாக ஒளிர்ந்தது. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடிமைப்பட்ட ஒரு நாட்டில் வாழ்ந்த படித்த மனிதருக்கு எந்தக் கேள்வி உயிரானதாகத் தோன்றியதோ, அந்தக் கேள்வியோடு அவர்கள் சான்றுகளை அணுகினார்கள்.

1935இலும் 1937இலும் சோழர் வரலாற்றை வெளியிட்ட கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி இவர்களைக் காட்டிலும் நிதானமானவர். சோழ நாட்டின் கீழ்த்திசை வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் தடை ஏற்படுத்தியிருக்கலாம், அல்லது திசையெல்லாம் வெல்லும் தன் ஆசையைக் கடலுக்கு அப்பாலும் நீட்ட இராசேந்திரன் விரும்பியிருக்கலாம் என்று இரண்டு காரணங்களை முன்வைத்து, பின்னதற்கே அவர் கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார். வலிமையான மன்னன், செம்மையான அதிகார வரிசை, மையத்திலிருந்து இயங்கும் ஆட்சி என்பது அவர் வரைந்த சோழ அரசு. அத்தகைய அரசு கடற்படை அனுப்பியதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை என்றே அன்று தோன்றியிருக்கும்.

1970களில் இந்த அடிப்படையே கேள்விக்குள்ளானது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன், சோழ மன்னனின் நேரடி அதிகாரம் காவிரிப் படுகைக்கு வெளியே மிகக் குறைவு என்றும், உண்மையான ஆட்சி 'நாடு' என்ற உள்ளூர் அலகுகளின் கையிலேயே இருந்தது என்றும் வாதிட்டு, 1980இல் வெளியிட்ட நூலில் அதைக் கூறுநிலை அரசு என்று விளக்கினார். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றிய மானிடவியல் ஆய்விலிருந்து அவர் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார். காலனி ஆட்சிகள் கலைந்து, மேற்கத்திய மாதிரியில் அமையாத அரசுகளைப் பற்றி உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற வரலாற்றாசிரியர் இதே திசையில் சென்று, நிலையான வரி வருவாய் போதாத மன்னனுக்குப் போரில் கிடைக்கும் கொள்ளையே படைத்தலைவர்களைத் தன்னோடு கட்டிவைக்கும் வழி என்றார். இந்தக் கருத்தோடு மெய்க்கீர்த்தியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முன்பு வெற்றிச் சிறப்பாகக் கண்ணில் பட்ட 'பெருநிதிப் பிறக்கமும்' (பெருஞ்செல்வக் குவியலும்) மணிக்கதவமும் தோரணமும் இப்போது போரின் நோக்கமாகவே தெரியத் தொடங்கும். கல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிப்பவர் கொண்டுவந்த கேள்வி மாறியிருக்கிறது.

ஸ்டைனுக்கு மறுப்பு எழுந்த விதம், இந்தத் துறை எப்படி முன்னேறுகிறது என்பதற்கு நல்ல சான்று. கல்வெட்டறிஞர் எ.சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோர் பொதுவான வாதங்களில் இறங்காமல் எண்ணத் தொடங்கினார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆயிரக்கணக்கான ஆட்பெயர்களையும் பட்டங்களையும் வரிச்சொற்களையும் திரட்டி, எந்தப் பட்டம் எந்த மன்னன் காலத்தில், எந்த வட்டாரத்தில் எத்தனை முறை வருகிறது என்று பட்டியலிட்டார்கள். இராசராசன் காலத்திலிருந்து மன்னனின் அதிகாரிகளைக் குறிக்கும் பட்டங்கள் பெருகுவதும், புரவுவரித் திணைக்களம் என்ற நிலவரித் துறை வளர்வதும், பழைய நாடுகளை உள்ளடக்கி வளநாடு என்ற புதிய பிரிவு உருவாவதும் அந்தக் கணக்கில் புலப்பட்டன. நீலகண்ட சாஸ்திரி சொன்ன அளவுக்கு மையப்பட்ட அரசும் இல்லை, ஸ்டைன் சொன்ன அளவுக்குப் பிடி தளர்ந்த அரசும் இல்லை. காலத்துக்குக் காலம் அந்தப் பிடி இறுகியும் தளர்ந்தும் வந்தது. ஸ்டைனின் விடை நிலைக்கவில்லை என்றே கருதுகிறேன். ஆனால் அவர் அந்தக் கேள்வியை எழுப்பியிராவிட்டால், இத்தனை பட்டங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும் என்ற உந்துதல் இவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

அண்மைக் காலத்தில் படையெடுப்பின் காரணத்தைச் சீனக் கடல்வழி வணிகத்தோடு இணைத்துப் பார்க்கும் போக்கு வலுப்பெற்றிருக்கிறது. தான்சென் சென் போன்ற வரலாற்றாசிரியர்கள் சீனத்துச் சோங் அரசின் ஆவணங்களைக் கூர்ந்து படித்தார்கள். சோழத் தூதுக்குழு 1015இல் சீன அவையை அடைந்ததும், நெடுங்காலம் கழித்தும்கூடச் சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது என்ற எண்ணம் சீன அதிகாரிகளிடம் இருந்ததும் அவற்றில் தெரிகின்றன. இடைத்தரகு நாடான ஸ்ரீவிஜயம், சீனத்தோடு நேரடி வணிகம் தேடிய சோழரைத் தாழ்த்திக் காட்டியது, மலாக்கா நீரிணையில் வழியை மறித்தது, அதுவே மோதலுக்கு இட்டுச் சென்றது என்பது இவர்கள் தரும் விளக்கம். நாகப்பட்டினக் காயாரோகணர் கோயிலுக்கு ஸ்ரீவிஜய அரசன் சார்பில் அளித்த கொடையைச் சொல்லும் கல்வெட்டில் 'சீனக் கனகம்' (சீனப் பொன்) என்ற சொல் வருவதையும், சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டையும் சேர்த்துப் பார்த்தால், மன்னர்களின் போருக்கு முன்னும் பின்னும் அந்தக் கடலில் வணிகர்களே இடைவிடாமல் பயணம் செய்தார்கள் என்பது புரிகிறது. உலகெங்கும் சரக்குக் கப்பல்களின் வழிகளைப் பற்றிக் கவலைப்படும் நம் காலத்தில் இந்த விளக்கம் நமக்கு எளிதாகப் பிடித்துப்போகிறது என்பதையும் மறக்கலாகாது. நாளைய வாசகர் நம்மிடமும் ஒரு சார்பைக் கண்டுபிடிப்பார்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா என்றால், முடியாது. சோழர்கள் தென்கிழக்கு ஆசியா முழுவதையும் ஆண்டதாக, வங்காள விரிகுடாவைச் சுற்றி ஒரே வண்ணம் தீட்டிய வரைபடங்களை இணையத்தில் பலரும் பகிர்ந்துவருவதைக் காண்கிறேன். தமிழர் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அதனாலேயே இந்தப் படங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. படையெடுப்பு நடந்து மூன்றே ஆண்டுகளில், 1028இல், ஸ்ரீவிஜயம் சீனத்துக்கு வழக்கம்போலத் தூதனுப்பியிருக்கிறது. இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரனின் கல்வெட்டு, கடாரத்தை வென்று, தன் கழல் பணிந்த அதன் அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர்கள் வேண்டிக்கொண்டபடி நாகப்பட்டின விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்கிறான். இந்தச் சான்றுகளில் எதற்கும் அந்த ஒரே வண்ண வரைபடம் விடை சொல்வதில்லை. செதெஸும் ஸ்டைனும் சுப்பராயலுவும் எவ்வளவு மாறுபட்டாலும், தங்களுக்குப் பாதகமான கல்வெட்டையும் எடுத்துவைத்துப் பேசும் கடமை அவர்களுக்கு இருந்தது. மறுவாசிப்பையும் திரிப்பையும் பிரித்தறிய விரும்பும் புதிய வாசகர், ஒரு நூலில் முதலில் தேட வேண்டியது அந்தக் கடமை நிறைவேறியிருக்கிறதா என்பதைத்தான்.

மெய்க்கீர்த்தி அடுக்கிய 13 பெயர்களுக்கு மீண்டும் வருவோம். கடாரம் கெடாவில் நிலைபெற்று நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் "காவலம் புரிசை மேவிலிம் பங்கமும் விளைப்பந் தூருடை வளைப்பந் தூரும்" என்ற அடிகளில் வரும் இரண்டு ஊர்களையும் எங்கே வைப்பது என்பதில் இன்றும் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. மலாய்த் தீபகற்பத்தில் தேடியவர்கள் உண்டு. வளைப்பந்தூரை வியட்நாமின் பழைய சம்பா நாட்டுப் பாண்டுரங்கத்தோடு இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. மதில் சூழ்ந்த ஓர் ஊர், புதரும் விளைநிலமும் உடைய மற்றோர் ஊர் என்ற அளவுக்கு மேல் அந்த அடிகள் நமக்கு எதுவும் சொல்வதில்லை.